உதயாவின் தமிழ்த் தாள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எது முதலில் நடந்தது, யார் எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். உதயாவைக் கேட்டால், "அப்ப வாயே தெறக்கல, இப்ப என்னா ஞாபகம் வந்து கெடக்குது?" என்பாள். அதுவும் நியாயம்தான். நான் அதிகம் பேசாதவன். பேசாமல் இருப்பவனுக்கு, நடந்ததும் மனதுக்குள் பேசிக்கொண்டதும் கொஞ்ச நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன.

நாங்கள் டெல்லியில் திரிலோக்புரியில் இருக்கிறோம். நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒன்பதாவது வரை படித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவன். உதயா இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். பக்கத்து அரசுப் பள்ளியில் ஹிந்தியில் எட்டாவது வரை படித்தாள்.

அதனால் எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அவளுக்கு ஹிந்தி மட்டும்தான். பேசுவது இருவரும் தமிழ். பஸ்ஸின் பலகை, கரன்ட் பில், ரேஷன் கடையில் ஒட்டிய காகிதம் எல்லாம் அவள் படித்துச் சொல்வாள். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை நான் படித்துச் சொல்வேன். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். அதில் குறை ஒன்றும் எங்களுக்குத் தெரிந்ததில்லை.

மயூர் விஹாரில் தமிழர்கள் இருக்கும் ஃப்ளாட்டுகளில் சுவர் அடிக்கப் போனால் முதலில் அலமாரிகளைக் காலி செய்வார்கள். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாத தமிழ்ப் புத்தகங்கள் அப்போது பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போகும். அதற்குமுன் கேட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் இரண்டு மூட்டை இருக்கிறது. வேலையில்லாத நாளில் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் உதயா இரண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டாள்.

அவளுக்கு ஒரு அரசு அலுவலக வளாகத்தில், அங்கே வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆயா வேலை. சம்பளம் காண்ட்ராக்டர் மூலமாக வரும். எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருவது அந்த ஒன்றுதான். என் வேலை குளிர்காலத்தில் நின்றுவிடும். காற்று கெட்டுவிட்டது என்று கட்டட வேலையை நிறுத்தச் சொல்வார்கள். பெயின்ட் வேலையும் அதோடு நிற்கும். அந்த மாதங்களில் அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரியும்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் வைதேஹி மேடம். மயூர் விஹார்க்காரர், நல்ல மனுஷி. ஒருநாள் உதயா வந்து அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"'உதயா, புது காண்ட்ராக்டர் எல்லாரும் பத்தாவது பாஸாயிருக்கணும்ங்கறான். அடுத்த ஜூலைக்குள்ள சர்ட்டிஃபிகேட் காட்டணும். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கேக்கல. ஓப்பன் ஸ்கூல்ல எழுதிடு. ஒரே வருஷம்தானே.'"

"நீ என்னா சொன்ன?"

"அச்சா மேடம்னேன். வேற என்னா சொல்றது? கொழந்தைக்கு மூக்கு தொடைக்க எதுக்குப் பத்தாவதுன்னு கேக்கவா?"

திறந்தநிலைப் பள்ளிக்குப் பெயர் பதிய அவளுடைய தம்பி பாலு கூட்டிப்போனான். பாலு பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவன். அவன் வண்டியில் ஏறினால் இறங்கும்வரை அவன் வாய் ஓயாது. கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டு இருவரும் திரும்பியபோது நான் வாசலில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அக்கா பெயின்டிங் பாடம் எடுத்திருக்கு. ஃபெயிலாச்சுன்னா உன் மானம் போயிரும், யோசிச்சுக்க" என்றான்.

"வேற என்னென்ன?"

"சோஷியல், ஹோம் சயின்ஸ், பிசினஸ்" என்றாள் உதயா. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்புறம் தமிழ்" என்றாள்.

நான் பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

"கடைக்காரன் மாத்ருபாஷா என்னான்னு கேட்டான் மாமா. இது தமிழ்னுச்சு. டக்குனு டிக் பண்ணிட்டான்."

"அவன் ஒண்ணும் பண்ணல. நாந்தான் போடச் சொன்னேன்."

"உனக்குத்தான் ஒரு எழுத்துகூடத் தெரியாதே" என்றேன்.

"பேசுறேன்ல? பேசுற பாஷையைப் படிக்க எம்மாம் நேரம் ஆவும்? நீ எதுக்குக் கீற, சொல்லிக்குடு."

எங்கள் மகள் ப்ரீதா உள்ளேயிருந்து, "மம்மி, ஹிந்தி எடுத்திருந்தா படிக்காமலே பாஸாயிருப்ப. நீ ஸச் மே பைத்தியம்" என்றாள். பாடத்தை மாற்ற அப்போது அவகாசம் இருந்தது என்று நினைக்கிறேன். மாற்றச் சொல்லி நானும் ஒரு தடவை சொன்னேன். 'பாக்கலாம்' என்றாள். பிறகு அந்தத் தேதி போய்விட்டது. ஏன் தமிழை எடுத்தாள் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

புத்தகங்கள் தபாலில் வந்தன. மற்றவை ஹிந்தியில். அவற்றைக் காப்பகத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அவளே படித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போனாள். தமிழுக்கு அங்கே வகுப்பு இல்லை, எடுத்தவள் இவள் ஒருத்திதான். 'தமிழ்வாலி', அதாவது தமிழ்க்காரி என்று அங்கே பெயர் வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கொட்டாவி வந்தது.

நவம்பரில் வேலை நின்றது. வெளியே ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் காற்று நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் இருமல். விடிந்ததும், அவள் வேலைக்குக் கிளம்புவதற்குமுன், கட்டிலில் பஞ்சு ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுத்துக் கற்றோம். சொல்லிக் கொடுக்கத் தெரியாதவன் நான். அவள் கற்றுக்கொள்ள நேரமில்லாதவள்.

"க, இது. சரி. க்ஹ எங்க?"

"அதுவும் இதுதான்."

"க?" என்று, கங்கையின் க போல, தொண்டையிலிருந்து அழுத்தினாள்.

"அதுவும் இதுதான்."

"ஒரே எழுத்துக்கு இத்தினி சத்தமா? எந்த எடத்துல எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"படிக்கும்போது தானாத் தெரியும்."

"அது உனக்கு. நான் படிச்சாத்தான தெரியும், தெரிஞ்சாத்தான படிப்பேன்."

குக்கர் கூவியது. எழுந்து போனாள்.

பாடங்களின் கேள்வி பதிலை நான் உரக்கப் படிப்பேன். அவள் அதை ஹிந்தி எழுத்தில் வேகமாக எழுதிக்கொள்வாள். தமிழ்தான், எழுத்து மட்டும் ஹிந்தி. ழ வரும் இடத்தில் ஒரு ஹிந்தி 'ல'வைப் போட்டு அடியில் புள்ளி வைப்பாள். அந்தத் தாள்களைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்வாள். மாலையில் ஒப்பிக்கச் சொன்னால் ஒரு சொல் பிசகாது. அணைக்கட்டைப் பற்றிய பாடம், ஒரு பழைய பாட்டின் பொருள், விடுமுறைக் கடிதம், எல்லாம் வந்தன. அதைக் கேட்கும்போது அவள் தேறிவிடுவாள் என்றே எனக்குத் தோன்றும். தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னால் மட்டும் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகும். பேனாவை நிறுத்தி நிறுத்தி, கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்று சுவரைப் பார்ப்பாள். கை வலிக்கிறது என்பாள். நாளைக்கு எழுதலாம் என்று நானும் விட்டுவிடுவேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கம்போல் ஒரு புத்தகத்தோடு இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ம... ழை... வி... ட்... ட... மழை விட்ட பிற... பிறகும்... அவ... ன்..."

அந்த வரியை முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன். மழை விட்ட பிறகும் அவன் வாசலிலேயே நின்றான். அவ்வளவுதான் அந்த வரி. படித்து முடித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இம்மாந்தானா? இதுக்கா இத்தினி வருஷம் கூப்ட கூப்ட காது கேக்காம உக்காந்துகினு இருந்த?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அடுத்த வரியைப் படிக்கிறாளா என்று பார்த்தேன். படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சிறிது நேரத்தில் தூங்கிப்போனாள்.

தேர்வு ஏப்ரலில் தொடங்கி மே வரை நீண்டது. ஒன்று முடிந்து அடுத்ததற்குப் பல நாள் இடைவெளி. தமிழ் கடைசியில் வந்தது. மதியத்துக்கு மேல்தான் தேர்வு. லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாலு எங்கள் இருவரையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டான்.

"அக்கா, டென்ஷன் மத் லோ, பயப்படாத. உள்ள இருக்கிற யாருக்கும் தமிழ் தெரியாது. நீ எது எழுதினாலும் கரெக்ட்டுதான்."

"நீ போய் சவாரிய பாரு" என்றாள். தண்ணீர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எதிரே ஒரு வேப்பமரத்தடியில் இருந்தேன். புத்தகம் கொண்டுபோயிருந்தேன். திறக்கவில்லை. மணியடித்துக் கூட்டம் வெளியே வந்தது. பெரும்பாலும் சின்னப் பையன்கள், நடுவில் சில தாடிக்காரர்கள், குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண். எல்லோருக்கும் பின்னால் உதயா. முகம் சிவந்திருந்தது. ஆனால் அன்று மற்ற தேர்வுகளின்போது இல்லாத ஒரு நிமிர்வு இருந்தது. நான் சொல்வது சரியா என்று தெரியவில்லை. பின்னால் நடந்தது தெரிந்ததால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"எல்லாம் எழுதிட்டேன். ஒண்ணுகூட விடல. நீ சொல்லிக்குடுத்த அணைக்கட்டு வந்துச்சு. லீவு லெட்டர் வந்துச்சு."

"நேரம் பத்திச்சா?"

"மொதல்ல பத்தல. கேள்வி படிக்கவே பாதி நேரம் பூடுச்சு. ரெண்டு பதில் எழுதறதுக்குள்ள ஹால்ல காவலுக்கு நின்ன மேடம் வந்து இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்குதுன்னாங்க. அப்புறம் மாத்திக்கினேன். ஜல்தி ஜல்தி முடிச்சுட்டேன்."

"என்னா மாத்திக்கின?"

"எழுத்ததான். பஸ்ஸுல படிச்சேன்ல, அதே மாதிரி எழுதிட்டேன்."

டீ வந்தது. கடைக்காரன் வைத்துவிட்டுப் போனான்.

"ஹிந்தி எழுத்துலயா?"

"ஆமா. ஆனா தமிழ்தான். ஒரு வார்த்த ஹிந்தி கெடையாது. மேடம்கூட என் தாள எட்டிப் பாத்துட்டு தலையாட்டினாங்க. அதுவரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் புரியாத எழுத்தாச்சே, இப்பத்தான் ஏதோ எழுதறான்னு நெனச்சிருப்பாங்க. அதுவும் புரிஞ்சிருக்காது, பாவம்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது. ஒரு லாரி போயிற்று, அதன் பின்னால் புழுதி எழுந்து மெதுவாக அடங்கியது. நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் காத்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த நிமிர்வு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்தே இருந்தேன்.

"அது செல்லாதா?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"பதில் கரெக்ட்டா இருக்குதே."

"ம்."

"தமிழ்னுதான கேட்டாங்க? தமிழ்லதான சொல்லியிருக்கேன்?"

பாலு வண்டியோடு வந்து, "என்னா, டாப்பரா?" என்று கேட்டான். அவள், "வா போலாம், வெயிலு" என்றாள். வழியெல்லாம் அவனும் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

அதற்குப் பிறகு முடிவு வரும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் மறுபடி வேலைக்குப் போனேன். ஏணியில் நின்று கூரையை அடிக்கும்போது, அந்தத் தாளைத் திருத்துகிற மனிதரை நினைத்துக்கொள்வேன். அது ஆணா பெண்ணா, சென்னையா டெல்லியா, எனக்குத் தெரியாது. சின்னக் குழந்தை எழுதியதுபோல் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு பதில். அடுத்த பக்கத்தில் திடீரென்று மேல்கோடு போட்ட எழுத்து, பக்கம் பக்கமாக. அவருக்கு ஹிந்தி படிக்கத் தெரிந்திருந்தால் அதற்குள் தமிழ் இருப்பது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் யாரோ ஹிந்திக்காரி தெரியாமல் இந்தத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். தெரிந்திருந்தாலும் அவர் என்ன செய்ய முடியும்? தமிழ் எழுதத் தெரிகிறதா என்றுதானே அவரைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவேயில்லை. யார்மேலும் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் கடைசியில் ப்ரீதா ஃபோனில் பார்த்துச் சொன்னாள். நான்கு பாடம் பாஸ். பெயின்டிங்கில் நல்ல மார்க். தமிழில் தேறவில்லை.

"தமிழ்ல ஃபெயிலா!" என்று ப்ரீதா சிரிக்கப் போனாள். அம்மாவைப் பார்த்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் வைதேஹி மேடத்தின் வீட்டுக்கு இருவரும் போனோம். அந்த வீட்டின் சுவரை ஒருமுறை நான்தான் அடித்தேன். அவர் எங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நடந்ததைக் கேட்டார்.

"தமிழை ஹிந்தி எழுத்துலயா எழுதினே?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு சட்டென்று கண் கலங்கிவிட்டது. "சாரி, உதயா. எங்காத்துலயும் அதே கதிதான். எம் பொண்ணு ஜ்யோத்ஸ்னா ஸ்லோகமெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி வச்சுண்டுதான் சொல்றா. அதுக்கு யாரும் மார்க் போடறதில்லை, அவ்வளவுதான்."

"காண்ட்ராக்டர் கிட்ட நாலு பாடம் பாஸுன்னு சொல்லுங்க மேடம். மிச்சம் ஒண்ணுதான், அக்டோபர்ல எழுதிடுவேன்."

"சொன்னேன்மா. நேத்தே சொன்னேன். சர்ட்டிஃபிகேட் இருக்கா, இல்லையான்னு ஒரே கேள்விதான் கேக்கறான்." அவர் காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தார். "ஜூலைக் கடைசி வரைக்கும் வா. நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

திரும்பி நடந்தே வந்தோம். மெட்ரோ பாலத்துக்கு அடியில் நிழலில் நின்றாள்.

"அக்டோபருக்கு எத எழுதறது? பாடத்த மாத்திக்கலாமாம். ஹிந்தின்னா கண்ண மூடிக்கினு பாஸாயிடுவேன்."

"ம்."

"திரும்ப தமிழ் எழுதினா அதுக்குள்ள கை வருமா?"

எனக்குத் தெரியவில்லை. தினமும் எழுதினால் வந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் தமிழே எழுத வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் இருந்தது. வேலை போகிறது அவளுக்கு. காலையில் நான்கு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுகிறவள் அவள். தலைக்கு மேல் ரயில் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"நீ சொல்லு" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அச்சா, அப்ப ஹிந்தியே எழுதறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஜூலை முடிந்ததும் காப்பகத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். அக்டோபரில் ஹிந்தி எழுதி நல்ல மார்க்கில் தேறினாள். சான்றிதழ் கையில் வந்தபோது அந்த இடத்தில் வேறொரு பெண் வேலைக்குச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. வைதேஹி மேடம் அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு மகள் ஜ்யோத்ஸ்னாவோடு புனேக்குப் போய்விட்டார். பாலு பேட்டரி ரிக்‌ஷாவை விற்றுவிட்டு ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். ப்ரீதா பதினொன்றாவது படிக்கிறாள். நான் இன்னும் பெயின்ட்தான் அடிக்கிறேன், குளிர்காலத்தில் வீட்டில் இருக்கிறேன். உதயா நொய்டாவில் ஒரு தனியார் பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிறாள். அந்த வேலைக்கும் பத்தாவது கேட்டார்கள், காட்டினாள். சம்பளம் பழைய வேலையைவிடக் கொஞ்சம் குறைவு. தமிழ் அவள் அதற்குப் பிறகு படிக்கவில்லை.